ஆஃப்ரோடு வண்டிக்கு ரீட்ரேட் டயர் போடலாமா? முதல்முறை வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

தேய்ந்த டயரின் பட்டனை, அதாவது தரையில் படும் கட்டை கட்டையான ரப்பரை, சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டியதுதான் ரீட்ரேட் டயர். அதை ஆஃப்ரோடு வண்டிக்குப் போடலாமா என்று மண் பாதையில் ஓட்டிப் பழகியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "ரீட்ரேட்டா? அந்தப் பக்கமே போகாதே" என்பார் ஒருவர். "விமானச் சக்கரத்துக்கே ரீட்ரேட்தான், உனக்கென்ன பயம்?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் மேலே ஒட்டியிருக்கும் புதுப் பட்டனை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை ரீட்ரேட் டயரில் பயப்பட வேண்டியதும் நம்ப வேண்டியதும் அதற்குக் கீழே இருக்கும் பழைய கேசிங்தான், அதாவது பட்டன் நீங்கலான டயரின் உடல்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெதுவாக ஓடும் வேலைக்கு, யார் ஓட்டியது, எத்தனை வருடம் ஓடியது என்று தெரிந்த கேசிங்கில் செய்ததாக இருந்தால், தாராளமாகப் போடலாம். அதே வண்டியில் தினமும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்வருவீர்கள், கேசிங்கின் பூர்வீகமும் தெரியாது என்றால் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

ரீட்ரேட் எப்படி உருவாகிறது

பட்டன் தேய்ந்த டயரை முதலில் சோதிப்பார்கள். தேறினால், மிச்சமிருக்கும் பட்டனை பஃபிங் மெஷினில் சுரண்டி எடுத்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். ஓட்டை, வெட்டு இருந்தால் அடைப்பார்கள். அதன்மேல் குஷன் கம் என்ற மெல்லிய, வேகாத (இன்னும் சூட்டில் இறுகாத) ரப்பர் விரிப்பு. அதற்கு மேல் புதுப் பட்டன்.

இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. கோல்ட் (cold) முறையில், ஏற்கெனவே வெந்து பட்டன் வடிவம் பெற்ற நீளமான ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, பெரிய அடைப்புக் கலனுக்குள் வைத்து ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் அழுத்தத்தோடு வேக வைப்பார்கள். ஹாட் முறையில், வேகாத ரப்பரைச் சுற்றி, டயரை மோல்டுக்குள் வைத்து ஏறத்தாழ 150 டிகிரியில் பட்டனையே அச்சாக எடுப்பார்கள். ஆஃப்ரோடு மட் டயர்களில் (சேற்றுக்கான, கனத்த பட்டன் உள்ள டயர்கள்) ஹாட் முறையைத்தான் அதிகம் பார்க்கலாம். அதிலும் சிலர் பட்டனோடு நிறுத்தாமல், ஒரு பீடிலிருந்து (ரிம்மைப் பிடிக்கும் ஓரம்) மறு பீடு வரை சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், மேலும் மெல்லிய புது ரப்பர் போர்த்திவிடுவார்கள். டயர் பார்ப்பதற்கு அப்படியே புதிதாக இருக்கும். அந்தப் போர்வை பலத்தைக் கூட்டாது, பழைய சைடுவாலை மறைக்க மட்டும் செய்யும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு டயரை அறுத்துப் பார்த்தபோது

நான் முதன்முதலில் வாங்கிய ரீட்ரேட் செட்டில் ஒரு டயர், ஒரு நீண்ட பயணத்தில் தார்ச்சாலைக்கு ஏறிய கொஞ்ச நேரத்தில் பட்டன் கிளம்பி, அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒட்டு சரியில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கழற்றி அறுத்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. புதுப் பட்டனும் பழைய ரப்பரும் சேர்ந்த இடம் கத்தி நுழையாத அளவுக்கு ஒன்றாகிப் போயிருந்தது. பிரிந்தது அதற்கும் கீழே, கேசிங்கின் இரும்பு பெல்ட்டுக்குள், அதாவது பட்டனுக்கு அடியில் சுற்றியிருக்கும் கம்பி அடுக்குக்குள். எப்போதோ ஆணி ஏறி, வெறுமனே குச்சி பஞ்சர் (வெளியிலிருந்து ரப்பர் குச்சியைச் செருகி அடைப்பது) போட்ட ஓட்டை ஒன்று. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கம்பிகள் செங்கல் நிறத்தில் துருப்பிடித்திருந்தன. விரலால் இழுத்ததும் ரப்பர் கம்பியை விட்டுத் தனியாக வந்தது.

காரணம் இதுதான். டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்குப் பித்தளை முலாம் பூசியிருப்பார்கள். ரப்பர் வேகும்போது அந்தப் பித்தளையோடுதான் பிணைகிறது. ஓட்டை வழியாக ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால் அந்தப் பிணைப்பு போய்விடும். வெளியே எதுவும் தெரியாது. எவ்வளவு நல்ல பட்டனை மேலே ஒட்டினாலும் அடித்தளம் ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சேற்றிலும் ஓடையிலும் இறங்கும் வண்டிக்கு ஈரம் எப்போதும் கூடவே இருக்கும் என்பதால், பழைய ஆணி ஓட்டை மற்ற எல்லாரையும்விட நமக்குத்தான் பெரிய விஷயம்.

லாரி டயர்களிலும் கதை இதே மாதிரிதான். சாலையோரம் கிடக்கும் டயர் துண்டுகளை அமெரிக்காவில் சேகரித்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம், அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைக்காகச் செய்தது. ரீட்ரேட் என்பதாலேயே டயர்கள் அதிகம் கிழிகின்றன என்று அதில் தெரியவில்லை. புது டயரோ ரீட்ரேட்டோ, சாலையில் குத்திக் கிழிந்ததும், பராமரிப்புக் குறையும், அதிகச் சூடும்தான் முக்கியக் காரணங்களாக இருந்தன.

சரி, விமானக் கதைக்கு வருவோம். விமான டயர்களைப் பலமுறை ரீட்ரேட் செய்வது உண்மைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு கேசிங்குக்கும் வரிசை எண் உண்டு, எத்தனை முறை ரீட்ரேட் ஆனது என்ற பதிவு உண்டு, ஒவ்வொரு முறையும் சோதனை உண்டு. கடையில் அடுக்கி வைத்திருக்கும் ஆஃப்ரோடு டயருக்கு அப்படி ஒரு ஜாதகம் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

படி 1: வண்டி எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளில், போன மாதம் ஓட்டிய தூரத்தில் எவ்வளவு தார்ச்சாலை, எவ்வளவு மண் என்று பிரித்து எழுதுங்கள். தார்ச்சாலையில் வழக்கமாகப் போகும் வேகத்தையும் பக்கத்தில் குறியுங்கள்.

டயருக்கு எதிரி சூடு. டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கத்தில்தான் சூடு பிறக்கிறது. வேகம் கூடினால், பாரம் கூடினால், காற்று குறைந்தால் சூடு ஏறும். மட் டயரின் கனத்த பட்டன் அந்தச் சூட்டை வெளியே விடாது. சுரங்கத்திலும் மண் வேலையிலும் ஓடும் லோடர், கிரேடர் டயர்களைச் சாதாரணமாக ரீட்ரேட் செய்கிறார்கள். பாரம் அதிகம்தான், ஆனால் வேகம் குறைவு. உங்கள் வண்டியும் சேற்றுப் பாதை, காட்டுப் பாதை, தோட்டம் என்று மெதுவாகவே ஓடுகிறது என்றால் ரீட்ரேட் அதற்குப் பொருத்தமான டயர்.

மணல் மேட்டில் காற்றை இறக்கிவிட்டு வேகமாக ஏறி இறங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்த காற்றும் வேகமும் சேருகின்றன. கூரான பாறையில் ஏறுபவர்களுக்கும் தயக்கத்தோடுதான் சொல்வேன். அங்கே கிழிவது பெரும்பாலும் சைடுவால், அது பழையது. பாறையில் பட்டன் மாட்டிக்கொண்டு சக்கரம் சுற்றும்போது, பட்டன் கட்டைகள் அடியோடு பெயர்ந்து வருவதும் உண்டு.

வாரம் முழுக்க நெடுஞ்சாலை, மாதம் ஒருமுறை மண் என்றால் நான்கும் புதிதாக ஆல் டெரெய்ன் (தார், மண் இரண்டுக்குமான) டயர் வாங்கிவிடுங்கள். ரீட்ரேட் வேண்டும் என்ற ஆசை இருந்தால், தனி ரிம்மில் இரண்டாவது செட்டாக வைத்துக்கொண்டு, மண்ணுக்குப் போகும்போது மட்டும் மாட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

படி 2: கேசிங்கின் பூர்வீகத்தைக் கேளுங்கள்

இருப்பதிலேயே பாதுகாப்பான வழி, நீங்களே புதிதாக வாங்கி ஓட்டிய டயரைக் கொடுத்து ரீட்ரேட் செய்துகொள்வது. காற்றில்லாமல் எப்போதாவது ஓட்டினீர்களா, எத்தனை பஞ்சர், எவ்வளவு பாரம் எல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் பட்டன் மொட்டையாகி, கம்பி எட்டிப் பார்க்கும்வரை ஓட்டிவிட்டுக் கொண்டுபோனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொள்ளவும் கூடாது. கொஞ்சம் பட்டன் மிச்சம் இருக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

தயாராக இருக்கும் ரீட்ரேட்டை வாங்குவதானால் கேட்க வேண்டியவை: கேசிங் முதலில் எந்த வருடத்தது? இதற்கு முன் ரீட்ரேட் ஆனதா? நான்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் கேசிங்கா? எப்படிச் சோதித்தீர்கள்?

கடைசிக் கேள்விக்கு "பார்த்தோம், நன்றாக இருக்கிறது" என்று மட்டும் பதில் வந்தால் போதாது. நல்ல பட்டறைகளில் ஷியரோகிராஃபி என்ற சோதனை இருக்கும். டயரை வெற்றிடக் கலனுக்குள் வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். அடுக்குகளுக்கு நடுவே பிரிவு இருந்தால், அங்கே அடைபட்ட காற்று வெற்றிடத்தில் விரிந்து மேற்பரப்பை நூலிழை அளவு உப்ப வைக்கும். அதை லேசர் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஆணி ஓட்டையைக் கண்டுபிடிக்க உயர் மின்னழுத்தக் கருவி இருக்கிறது. ஓட்டை உள்ள இடத்தில் பொறி பறக்கும். என் டயரில் இந்த இரண்டில் ஒன்று நடந்திருந்தால் அந்தக் கேசிங் பட்டறை வாசலைத் தாண்டியிருக்காது.

கேசிங் வகையும் முக்கியம். ரேடியல் வகை லாரி டயரின் உடல் முழுக்க இரும்புக் கம்பி, பலமுறை ரீட்ரேட் ஆகும் என்று கணக்குப் போட்டே செய்வார்கள். ஜீப், பிக்கப் வகை வண்டிகளின் டயர்களில் பட்டனுக்குக் கீழேதான் இரும்பு, சைடுவாலில் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூல் அடுக்குகள். அதனால் அளவு எல்.டி. (LT, லைட் டிரக்) என்று தொடங்கும் கனரகக் கேசிங்கையே தேடுங்கள். சாதாரண கார் கேசிங்கில் மட் பட்டன் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். தோற்றம்தான் முரட்டுத்தனமாக இருக்கும். ஒரு முறைக்கு மேல் ரீட்ரேட் ஆனதையும் இந்த வேலைக்கு நான் எடுக்க மாட்டேன்.

படி 3: சைடுவாலில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

புது டயரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். ரீட்ரேட்டில்தான் குழப்பம். சைடுவால் போர்த்திய டயரில் நீங்கள் பார்க்கும் தேதி, ரீட்ரேட் செய்த வாரமாக இருக்கலாம். கேசிங்கின் பிறந்த தேதி அந்தப் போர்வைக்கு அடியில் போயிருக்கும். ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதிகளில் கார் டயர் ரீட்ரேட்டுக்கு 108, வணிக வாகன டயருக்கு 109 என்று தனி விதிகள் உண்டு. அவற்றின்படி செய்த டயரில் ரீட்ரேட் என்ற சொல்லும், ரீட்ரேட் செய்த தேதியும், E என்ற எழுத்து உள்ள வட்ட முத்திரையும் இருக்கும். முத்திரை இருந்தால் முறைப்படி செய்யும் இடம் என்று ஓரளவு நம்பலாம். கேசிங் வயதை அதற்குப் பிறகும் கேட்டே ஆக வேண்டும்.

ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் ஆக்சிஜன் பட்டு இறுகும். புது டயர்களுக்கே சில வாகன நிறுவனங்கள் 6 வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. 10 வருடத்துக்கு மேல் எந்த நிலையிலும் வேண்டாம் என்று பல டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. ரீட்ரேட் அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்காது. 6 வருடக் கேசிங்கில் நேற்று ஒட்டிய பட்டன் என்றாலும் அது 6 வருட டயர்தான்.

பாரக் குறியீட்டையும் வேகக் குறியீட்டையும் வண்டிக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். வேகக் குறியீடு Q என்றால் மணிக்கு 160 கி.மீ., N என்றால் 140. இது தாங்கும் உச்சம். அந்த வேகத்தில் போகலாம் என்ற அழைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: கையால் தடவிப் பாருங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள்

ரிம்மில் மாட்டாத டயரையே பார்க்கக் கேளுங்கள். உள்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உள்ளே முழுச்சுற்று பாருங்கள். சைடுவாலின் உள்பக்கத்தில் வட்டமாக ஒரு தேய்ந்த கோடு, சுருக்கம், அல்லது கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி இருந்தால், அந்த டயரைக் காற்றில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். நூல்கள் உள்ளுக்குள் அறுந்திருக்கும். அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சரி. பஞ்சர் ஒட்டு இருந்தால், உள்ளிருந்து போட்ட காளான் வடிவ ஒட்டா என்று பாருங்கள். தண்டு ஓட்டையை அடைக்கும், தலை உள்பக்கத்தை மூடும். ஈரம் உள்ளே போகாது. சைடுவாலில் ஒட்டு இருந்தால் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் வெளியே. பட்டன் முடிந்து சைடுவால் தொடங்கும் தோள்பகுதியில் கட்டைவிரல் நகத்தை அழுத்தியபடி முழுச்சுற்று வாருங்கள். நகம் எங்கேயும் உள்ளே நுழையக் கூடாது. கோல்ட் முறை டயரில் பட்டையின் இரு முனைகளும் சேரும் மூட்டு ஒன்று இருக்கும். அதையும் தேடி அழுத்திப் பாருங்கள். சைடுவாலை உள்ளங்கையால் தடவுங்கள். மேடு, பள்ளம் கையில் தட்டுப்படும். பீடு ஓரத்தில் ரப்பர் கிழிந்து கம்பி தெரிந்தால் நிராகரியுங்கள். காற்றை இறக்கி ஓட்டும்போது ரிம்மைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

படி 5: நான்கையும் அளந்து மாட்டுங்கள்

ரீட்ரேட்டுகள் ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும், கேசிங் வேறாக இருந்தால் சுற்றளவு வேறுபடும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. முன்னும் பின்னும் வேறு சுற்றளவில் சுற்றினால், கியர் பாகங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே இருக்கும். எல்லா நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் பட்டன் ஆழ வித்தியாசம் 2 முதல் 3 மி.மீட்டருக்கு மேல் வேண்டாம் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன.

அளக்கச் சுலபமான வழி இருக்கிறது. நான்கிலும் ஒரே அளவு காற்று அடியுங்கள். டயரின் அடியில், தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். வண்டியை நேராக மெல்லத் தள்ளி, கோடு மறுபடி தரைக்கு வரும்போது நிறுத்தி அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப் வைத்தால் ஒரு சுற்றின் நீளம். நான்குக்கும் செய்யுங்கள். ஸ்டெப்னியை மறக்காதீர்கள். அதுவும் அதே அளவாக இருக்க வேண்டும்.

முன்சக்கரத்தில் போடலாமா என்று கேட்பார்கள். அமெரிக்க விதிகளில் பேருந்தின் முன்சக்கரத்துக்கு ரீட்ரேட் கூடாது. திசை திருப்பும் சக்கரத்தில் டயர் போனால் வண்டியைப் பிடிப்பது கடினம் என்ற எச்சரிக்கையாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நம் வண்டியில் பின்னால் மட்டும் ரீட்ரேட் போட்டால் சுற்றளவுச் சிக்கல் வருகிறது. அதனால்தான் நான்கையும் ஒரே ரீட்ரேட்டாகப் போட்டு, மெதுவான வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பேலன்சிங் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். மட் பட்டனுக்குக் கொஞ்சம் ஈயம் அதிகம் பிடிப்பது வழக்கம்தான். ஒரு டயருக்கு மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகப் பிடித்தால், அல்லது சுற்றும்போது பட்டன் மேலும் கீழும் ஏறி இறங்கினால், மாற்றிக் கேளுங்கள்.

படி 6: காற்று

மண்ணில் 18, 20 பி.எஸ்.ஐ., மணலில் அதற்கும் கீழே என்று இறக்குவது வழக்கம். பிடிப்பு கூடும், உண்மை. அந்த நிலையில் மணிக்கு 30 கி.மீட்டரைத் தாண்டாதீர்கள். ரீட்ரேட்டில் நான் 18-க்குக் கீழே போவதில்லை.

இறக்குவதைவிட முக்கியம் திரும்ப ஏற்றுவது. கையில் கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். "பக்கத்தில்தான் பங்க், அதுவரை ஓட்டிப் போய்விடலாம்" என்று தார்ச்சாலையில் ஏறும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் கேசிங் கெடுகிறது. என் டயரும் அப்படிப்பட்ட தூரத்தில்தான் போனது. துரு ஏற்கெனவே இருந்தது, சூடு அதை முடித்துவைத்தது.

படி 7: ஓட்டத் தொடங்கியபின்

முதல் 100 கி.மீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். முடிந்ததும் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள், காற்றைச் சரிபாருங்கள், தோள்பகுதியில் நகச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

நீண்ட ஓட்டத்தில் நிறுத்தும்போதெல்லாம் நான்கு டயரின் சைடுவாலிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சூடாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தெளிவாக அதிகம் சுட்டால் அதில் காற்று குறைந்திருக்கலாம், உள்ளே பிரிவு தொடங்கியிருக்கலாம், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். காரணம் தெரியாமல் கிளம்பாதீர்கள். ஆணி ஏறினால் குச்சி பஞ்சர் அன்றைக்கு வீடு சேர மட்டும். மறுநாளே கழற்றி உள்ளிருந்து ஒட்டுப் போடுங்கள்.

மெதுவாகப் போகும்போது ஸ்டீயரிங்கிலோ இருக்கையிலோ தட்டுத் தட்டென்று சீரான அதிர்வு புதிதாகத் தெரிந்தால், வேகத்துக்கேற்ப அது கூடிக் குறைந்தால், பட்டன் எங்கோ கிளம்புகிறது. இன்னும் காற்று இருக்கிறதே என்று ஓட்டாதீர்கள். கிளம்பிய பட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் மட்கார்டை அடித்து, பிரேக் ஹோஸையும் ஒயரையும் பிய்த்துவிடும். அப்போது பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள். வேகம் தானாகக் குறைந்தபின் ஓரம் கட்டி, ஸ்டெப்னியை மாட்டுங்கள். கழற்றிய டயரைத் திரும்பவும் ஒட்டித் தரக் கேட்காதீர்கள், வேறு யாருக்கும் கேசிங்காகக் கொடுத்துவிடவும் வேண்டாம்.